செய்தியின் முதல் வரியில் எந்த ஊர்?

வெளிநாட்டுச் செய்திகள் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் எங்கள் பதில்களும்

கேள்வி: ஒரு நாட்டில் நடந்த கலவரத்தைப் பற்றி மூன்று வெவ்வேறு நாட்டுச் செய்தித்தளங்களில் படித்தேன். முதல் நான்கு பத்திகள் ஒரு எழுத்துகூட மாறவில்லை. யாரைப் பார்த்து யார் காப்பியடித்தார்கள்?
— வங்கி ஊழியர்

யாரும் காப்பியடிக்கவில்லை. மூவரும் சந்தா கட்டி ஒரே இடத்தில் செய்தி வாங்கியிருக்கிறார்கள். ஏபி (1846), ராய்ட்டர்ஸ் (1851), ஏஎஃப்பி (1944) ஆகிய மூன்று செய்தி நிறுவனங்கள்தான் உலகச் செய்திகளில் பெரும்பங்கை மொத்தமாகச் சப்ளை செய்கின்றன. இந்த ஏற்பாடு புதிதும் அல்ல. ஏஎஃப்பியின் முன்னோடியான ஹவாஸ், லண்டனின் ராய்ட்டர், பெர்லினின் வொல்ஃப் மூன்றும் 1870லேயே உட்கார்ந்து பேசி, எந்த நாட்டுச் செய்தி யாருக்கு என்று உலகத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. அந்தக் கூட்டு 1930கள் வரை ஓடியது.

எனவே ஒரு செய்தி பத்து இடங்களில் வந்திருந்தால் பத்து சாட்சிகள் என்று எண்ண வேண்டாம். பல சமயம் சாட்சி ஒருவர்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? செய்தியின் தொடக்கத்தில் உள்ள ஊர்ப் பெயரைப் பாருங்கள். பொறுப்பான நிறுவனங்கள் நிருபர் அந்த ஊரில் இருந்தால்தான் அதைப் போடும். பிறகு கடைசி வரிக்குப் போங்கள். ராய்ட்டர்ஸ் செய்தியின் அடியில், செய்தி சேகரித்தவர் யார், எந்த ஊரிலிருந்து, எழுதியவர் யார், எடிட் செய்தவர் யார் என்று சிறிய எழுத்தில் இருக்கும். நூறு பேர் படித்தால் இரண்டு பேர்கூட அங்கே வரை போவதில்லை. முழுச் செய்தியிலும் எனக்கு முக்கியமான வரி அதுதான்.

ஈரான் செய்திகளில் துபாய் என்று இருப்பதையும், சோமாலியா செய்தியில் நைரோபி, வட கொரியா செய்தியில் சியோல் என்று இருப்பதையும் அடிக்கடி காணலாம். அதனாலேயே செய்தி பொய் என்று ஆகிவிடாது. துபாயில் உட்கார்ந்திருக்கும் நிருபருக்கு டெஹ்ரானில் இருபது வருடப் பழக்கமுள்ள தொடர்புகள் இருக்கலாம். ஆனால் தெருவில் என்ன நடக்கிறது என்பதை அவர் போனில் கேட்கிறார், கண்ணால் பார்க்கவில்லை. கூட்டத்தின் அளவு, மக்களின் மனநிலை போன்ற விஷயங்களில் அந்த வித்தியாசம் பெரியது. அமைச்சரவை மாற்றம் போன்ற செய்திகளில் அவ்வளவாக இல்லை.

கேள்வி: சில நாடுகளின் பெயரைக் கேட்டாலே பஞ்சம், குண்டுவெடிப்பு, வெள்ளம்தான் நினைவுக்கு வருகிறது. அங்கே வேறு எதுவுமே நடக்காதா?
— இல்லத்தரசி

நடக்கிறது. மெதுவாக நடப்பது செய்தியாவதில்லை. 1965இல் யோஹான் கால்துங், மாரி ஹோல்ம்போ ரூகே என்ற இரு ஆய்வாளர்கள் காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளை நார்வே நாளிதழ்கள் நான்கில் எப்படி எழுதினார்கள் என்று பார்த்தார்கள். ஒரு நாளுக்குள் நடந்து முடிவது, கெட்டதாக இருப்பது, பெரிய தலைவர்களையோ வல்லரசு நாடுகளையோ தொடுவது, ஏற்கெனவே மனதில் உள்ள பிம்பத்தோடு ஒத்துப்போவது, இவையெல்லாம் ஒரு சம்பவத்தைச் செய்தியாக்கும் என்று விளக்கினார்கள். தொலைதூர நாடு என்றால் இந்த நிபந்தனைகள் இன்னும் கடுமையாகும். பள்ளிக்கூடம் கட்டுவதற்குப் பல வருடம் ஆகும், எரிவதற்கு ஒரு ராத்திரி போதும்.

இன்னொரு காரணம் பணம். வெளிநாட்டில் ஒரு நிருபரை நிரந்தரமாக வைத்திருந்தால் சம்பளத்தோடு வீட்டு வாடகை, காப்பீடு, பாதுகாப்புப் பயிற்சி, மொழிபெயர்ப்பாளர், வண்டி, டிரைவர் என்று செலவு போய்க்கொண்டே இருக்கும். அதனால் அலுவலகத்தை மூடிவிட்டு, நிலநடுக்கம் வந்தால் மட்டும் விமானத்தில் ஆளை அனுப்புகிறார்கள். வந்து இறங்கியவருக்கு ஊர் தெரியாது. உள்ளூரில் ஆள் பிடித்துக் கொடுத்து, பேட்டி ஏற்பாடு செய்து, மொழிபெயர்த்தும் சொல்பவரை இந்தத் தொழிலில் ஃபிக்ஸர் என்பார்கள். வெளிநாட்டு நிருபர் சந்திக்கும் மனிதர்களில் பாதிப்பேர் இந்த ஃபிக்ஸரின் போன் புத்தகத்தில் இருப்பவர்கள். பெரும்பாலான செய்திகளில் அவர் பெயர் வருவதே இல்லை. எனக்கு இது அநியாயமாகப் படுகிறது.

எத்தியோப்பியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1984 அக்டோபர் 23 அன்று, கோரம் என்ற ஊரிலிருந்து பிபிசி காட்டிய பஞ்சக் காட்சிகளில் பொய் எதுவும் இல்லை. மைக்கேல் பெர்க் எழுதிப் பேச, கென்யக் கேமராமேன் முகமது அமீன் படம்பிடித்தார். உலகமே உதவிக்குக் கிளம்பியது. ஆனால் மனதில் தங்கியது வறண்ட நிலமும் எலும்புக்கூடான குழந்தையும் மட்டும். மழை பொய்த்ததோடு உள்நாட்டுப் போரும் ராணுவ அரசின் கொள்கைகளும் சேர்ந்துதான் அந்தச் சாவுகளுக்குக் காரணம் என்பது படத்தில் தெரியவில்லை. வறட்சியைப் படம் எடுக்கலாம், கொள்கையை எப்படி எடுப்பது?

எதிர்ப்பக்கமும் சாய்வார்கள். 2000 மே மாதம் 'தி எகனாமிஸ்ட்' ஆப்பிரிக்காவை நம்பிக்கையற்ற கண்டம் என்று அட்டையில் போட்டது. 2011 டிசம்பரில் அதே இதழின் அட்டையில் ஆப்பிரிக்கா எழுகிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஒரே நாளில் நம்பிக்கை இழப்பதும் இல்லை, எல்லாம் சேர்ந்து எழுவதும் இல்லை.

கேள்வி: வட கொரியாவில் சுட்டுக்கொல்லப்பட்டதாகச் செய்தி வந்தவர்கள் திரும்ப உயிரோடு வருகிறார்களே, எப்படி?
— கல்லூரி மாணவர்

மூன்று சம்பவங்களைச் சொல்கிறோம்.

2013 டிசம்பரில் கிம் ஜோங் உன்னின் மாமா சாங் சாங் தேக்குக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. இதை அந்நாட்டு அரசே அறிவித்தது, உண்மை. ஆனால் 120 பசித்த நாய்களுக்கு முன்னால் அவரைத் தள்ளிவிட்டார்கள் என்ற கதை எங்கிருந்து வந்தது? சீனாவின் டென்சென்ட் வெய்போ சமூக வலைத்தளத்தில் நையாண்டிக்குப் பெயர்போன ஒரு கணக்கில் போட்ட பதிவு. அதை ஹாங்காங் நாளிதழ் 'வென் வெய் போ' எடுத்துப் போட்டது. அதைக் காட்டி டிசம்பர் 24 அன்று சிங்கப்பூரின் 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' எழுதியது. 2014 ஜனவரி தொடக்கத்தில் மேற்கத்தியத் தளங்கள் சிங்கப்பூர் நாளிதழை மேற்கோள் காட்டின. ஒவ்வொரு கை மாறும்போதும் ஆதாரத்தின் மதிப்பு ஏறிக்கொண்டே போனதைக் கவனியுங்கள். நையாண்டிப் பதிவு என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், சிங்கப்பூர் நாளிதழ் என்றால் நம்புவார்கள்.

இரண்டாவது, பாடகி ஹியோன் சாங் வோல். 2013 ஆகஸ்டில் இவர் சுட்டுக்கொல்லப்பட்டதாகத் தென் கொரியாவின் 'சோசன் இல்போ' எழுதியது. 2014 மே மாதம் தொலைக்காட்சியில் தோன்றினார். 2018 ஜனவரியில், குளிர்கால ஒலிம்பிக்கையொட்டிய கலை நிகழ்ச்சிக்கு அரங்கம் பார்க்க வந்த குழுவுக்குத் தலைவராகத் தென் கொரியாவுக்கே வந்து இறங்கினார்.

மூன்றாவது, 2020 ஏப்ரல் 15 அன்று நடந்த தன் தாத்தாவின் பிறந்தநாள் விழாவுக்குக் கிம் வரவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் ஆபத்தான நிலை என்று செய்தி பரவியது. மே 1 அன்று அவர் சுன்சோனில் உரத் தொழிற்சாலையைத் திறந்துவைத்தார் என்று மறுநாள் படங்கள் வெளிவந்தன.

இப்படிப்பட்ட செய்திகள் ஏன் இவ்வளவு எளிதாக அச்சேறுகின்றன? தப்பாக எழுதினால் வழக்குப் போட ஆள் இல்லை, மறுப்புக் கடிதம் வராது, ஊருக்குள் போய்ச் சரிபார்க்கவும் வழி இல்லை. எந்தக் கொடூரத்தைச் சொன்னாலும் 'அங்கே நடக்கும்' என்று படிப்பவரும் ஏற்கெனவே நம்பிவிட்டிருக்கிறார். தப்புக்கு விலையே இல்லாத இடம் அது.

படிக்கும்போது இப்படிச் செய்யுங்கள். 'என்று ... நாளிதழ் தெரிவித்தது' என்று வந்தால் அந்த நாளிதழுக்குப் போங்கள், அது யாரைச் சொல்கிறது என்று பாருங்கள். பெயர் சொல்லாத ஒரே ஒருவரில் போய் முடிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தென் கொரிய அரசு என்ன சொல்கிறது என்று தேடுங்கள். 2020இல் அசாதாரணமாக எதுவும் இல்லை என்று அது தொடக்கத்திலிருந்தே சொல்லிவந்தது, பல தலைப்புகளில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. செயற்கைக்கோள் படம் காட்டினால், படம் எதை நிரூபிக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். அந்த ஏப்ரலில் வட கொரியாவை ஆராயும் '38 நார்த்' தளம் வோன்சான் நிலையத்தில் கிம்மின் ரயில் நிற்பதாகப் படம் வெளியிட்டது. அவர் அங்கே இருக்கிறார் என்பதையோ, உடல்நிலை எப்படி என்பதையோ இது காட்டாது என்று அவர்களே கூடவே எழுதியிருந்தார்கள். மறுபதிப்புகளில் ரயில் மட்டும் ஓடியது.

அதற்காக வதந்தி பொய்யானதால் அந்நாட்டு அரசு சொல்வதெல்லாம் மெய் என்று மறுபக்கம் குதித்துவிடாதீர்கள். சாங்குக்கு நடந்தது மரண தண்டனைதான்.

கேள்வி: 'லட்சம் பேர் திரண்டனர்' என்று ஒரு படம் வருகிறது. நம்பலாமா?
— புகைப்பட ஆர்வலர்

முதலில் கணக்குப் போடுங்கள். சாதாரணமாக நிற்கும் கூட்டத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஒருவர், நெருக்கமாக நின்றால் இரண்டு அல்லது மூன்று பேர், நெரிசலில் நான்கு பேருக்குச் சற்று மேல். இது ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்க இதழியல் பேராசிரியர் 1960களில் வகுத்த முறை. கூகுள் மேப்பில் அந்த மைதானத்தின் மீது அளவுகோலை வைத்து அளங்கள். 100 மீட்டருக்கு 60 மீட்டர் என்றால் 6,000 சதுர மீட்டர். மூச்சுமுட்ட அடைத்தாலும் 26,000 பேரைத் தாண்டாது. லட்சம் என்று எழுதியவர் மேடையில் இருந்தவரிடம் கேட்டு எழுதியிருக்கிறார்.

அடுத்தது கேமரா எவ்வளவு கிட்டத்தில் நிற்கிறது. 2003 ஏப்ரல் 9 அன்று பாக்தாத் ஃபிர்தோஸ் சதுக்கத்தில் சதாம் சிலையைச் சாய்த்த காட்சியை உலகமே பார்த்தது. கிட்டத்தில் எடுத்த படங்களில் சதுக்கமே நிரம்பி வழிவதுபோல் இருக்கும். தூரத்திலிருந்து எடுத்த படங்களில் சதுக்கத்தின் பெரும்பகுதி காலி. வெளிநாட்டு நிருபர்கள் தங்கியிருந்த பாலஸ்தீன் ஹோட்டல் அந்தச் சதுக்கத்தின் ஓரத்திலேயே இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படம் பழையதா என்று பார்க்க, படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸ், டின்ஐ, யாண்டெக்ஸ் மூன்றிலும் போடுங்கள். ஒன்றில் சிக்காதது இன்னொன்றில் சிக்கும். டின்ஐயில் 'மிகப் பழையது முதலில்' என்று வரிசைப்படுத்தும் வசதி உண்டு. தேடியும் கிடைக்கவில்லை என்றால் படத்தை இடவலமாகத் திருப்பி ஒருமுறை, ஒரு கட்டடத்தை மட்டும் வெட்டி ஒருமுறை தேடுங்கள். வேண்டுமென்றே ஏமாற்றுபவர்கள் படத்தைத் திருப்பித்தான் போடுவார்கள், கடைப் பலகை எழுத்தும் வண்டி ஸ்டியரிங்கும் அவர்களைக் காட்டிக்கொடுக்கும். வீடியோவாக இருந்தால் இன்விட் என்ற பிரவுசர் இணைப்பு அதைத் தனித்தனிப் படங்களாக உடைத்துக் கொடுக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் தேதி, இட விவரங்களைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அனுப்பும்போதே அவை போய்விடுகின்றன.

எதுவும் சிக்காவிட்டால் படம் புதிது என்று அர்த்தம் இல்லை. தேடுபொறிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: 'துருக்கியில் பணவீக்கம் குறைந்தது' என்றது ஒரு தளம், 'விலைவாசியால் மக்கள் தவிப்பு' என்றது இன்னொன்று. யார் பொய் சொல்கிறார்கள்?
— கணக்காளர்

இருவரும் சொல்வது சரி. 2022 அக்டோபரில் துருக்கியின் அதிகாரபூர்வ ஆண்டுப் பணவீக்கம் 85.51 சதவீதம். 2023 அக்டோபரில் 61.36. விகிதம் குறைந்தது, விலை குறையவில்லை. 2021 அக்டோபரில் 100 லிராவாக இருந்த பொருள், ஒரு வருடத்தில் சுமார் 185 லிரா, அடுத்த வருடத்தில் சுமார் 299 லிரா. கணக்காளரான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, தலைப்பு வைப்பவருக்குத்தான் விளக்க வேண்டும்.

தரவரிசைகளிலும் இதே தொல்லை. எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பு 180 நாடுகளின் ஊடகச் சுதந்திரத்தை வரிசைப்படுத்துகிறது. 2022இல் கணக்கிடும் முறையையே மாற்றியது. 2021இன் இடத்தையும் 2022இன் இடத்தையும் பக்கத்தில் வைத்து 'சரிந்தது', 'உயர்ந்தது' என்று எழுதிய செய்திகள் இரண்டு வெவ்வேறு அளவுகோல்களை ஒப்பிட்டவை.

கேள்வி: அரசுப் பணத்தில் ஓடும் சேனல்களை ஒதுக்கிவிடலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர்

அப்படி ஒதுக்கினால் அல் ஜசீரா (கத்தார்), டிடபிள்யூ (ஜெர்மன் வரிப்பணம்), பிபிசி உலக சேவை (உரிமக் கட்டணமும் வெளியுறவுத் துறை மானியமும்), சிஜிடிஎன் (சீனா), ஆர்டி (ரஷ்யா) எல்லாம் ஒரே கூடைக்குள் போய்விடும். பணம் எங்கிருந்து வருகிறது என்பதை விட, பணம் கொடுப்பவரைப் பற்றி என்ன சொல்ல முடிகிறது என்று பாருங்கள். ஈராக் ஆயுத விவகாரத்தில் பிபிசி தன் நாட்டு அரசோடு மோதியது. 2004 ஜனவரியில் அதை விசாரித்த நீதிபதி ஹட்டனின் அறிக்கை பிபிசியைக் குறை சொன்னதும் அதன் தலைவரும் தலைமை இயக்குநரும் பதவி விலகினார்கள். அப்படி ஒரு மோதலே நடக்க வாய்ப்பில்லாத சேனல்களும் பட்டியலில் உண்டு. தனியார் பத்திரிகைகளும் தப்பவில்லை: ஈராக் போருக்கு முந்தைய தன் செய்திகளில் சில போதுமான கண்டிப்போடு சோதிக்கப்படவில்லை என்று 'நியூயார்க் டைம்ஸ்' 2004 மே மாதம் தானே எழுதியது.

கேள்வி: வளரும் நாடுகள் இதையெல்லாம் எதிர்த்துக் கேட்கவே இல்லையா?
— நூலகர்

கேட்டன. உலகச் செய்தி ஓட்டம் ஒருசில நாடுகளின் கையில் இருப்பதைப் பற்றி, யுனெஸ்கோ அமைத்த ஷான் மக்பிரைட் குழு 1980இல் அறிக்கை கொடுத்தது. அதைச் சுற்றிக் கிளம்பிய சர்ச்சையும் ஒரு காரணமாக 1984 முடிவில் அமெரிக்காவும் அடுத்த ஆண்டு பிரிட்டனும் யுனெஸ்கோவை விட்டே வெளியேறின. அணிசேரா நாடுகள் யூகோஸ்லாவியாவின் தான்யுக் நிறுவனத்தை மையமாக வைத்து 1970களின் நடுவில் தங்களுக்குள் ஒரு செய்திக் கூட்டமைப்பும் தொடங்கின. அது எடுபடவில்லை. வந்ததில் பெரும்பாலும் அமைச்சர்களின் உரைகளும் அடிக்கல் நாட்டு விழாக்களும். பத்திரிகைகள் அதைப் போட்டு யார் படிப்பது?

கேள்வி: போக வேண்டிய நாட்டில் கலவரம் என்று செய்தி. டிக்கெட்டை ரத்து செய்யலாமா?
— பயணி

மேப்பைத் திறங்கள். 2014இல் எபோலா பரவியது கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில். பயணத்தை ரத்து செய்தவர்களில் கென்யாவுக்கும் தான்சானியாவுக்கும் போகவிருந்தவர்கள் ஏராளம். லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவிலிருந்து நைரோபி 5,000 கிலோமீட்டருக்கும் மேல். லிஸ்பன் அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது, லிஸ்பன் பயணத்தை யாரும் ரத்து செய்ததாகத் தெரியவில்லை.

செய்தியில் தெருவின் பெயர் இருக்கிறதா பாருங்கள், நாட்டின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. பிரிட்டன் வெளியுறவுத் துறையின் பயண அறிவுரைகள் மாகாண வாரியாக வரைபடத்தோடு வருகின்றன. உங்கள் நாட்டு அரசின் அறிவுரையையும் பாருங்கள். காப்பீட்டுப் பத்திரத்தில், அரசு 'போகாதே' என்று சொன்ன இடத்துக்குப் போனால் பணம் கிடைக்குமா என்ற பிரிவைப் படிக்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

கேள்வி: ஒரு நாளிதழ் ஒரு நாட்டை எப்படிக் காட்டுகிறது என்று ஆய்வு செய்கிறேன். எத்தனை நாள் இதழ்களைப் பார்க்க வேண்டும்?
— இதழியல் மாணவி

ஓர் ஆண்டுக்கு 14 இதழ்கள் என்பது பாடப்புத்தக விடை. அந்த ஆண்டின் திங்கட்கிழமைகளில் குலுக்கல் முறையில் இரண்டு, செவ்வாயில் இரண்டு என்று எடுத்து இரண்டு 'வாரங்களை'ச் செயற்கையாகக் கட்டுவது. தொடர்ச்சியாக இரண்டு வாரம் எடுத்தால் ஒரே நிலநடுக்கம் உங்கள் ஆய்வு முழுவதையும் விழுங்கிவிடும். ஆனால் எப்போதாவது மட்டும் செய்தியில் வரும் சிறிய நாடு என்றால் 14 இதழ்களில் மூன்று செய்திகள் தேறினால் அதிகம். அப்போது ஆண்டு முழுவதையும் எடுங்கள்.

நாட்டின் பெயரை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். தலைநகர், தலைவர் பெயர்களையும் சேருங்கள். ஒரே ஏஜென்சி செய்தியின் மூன்று பதிப்புகளை ஒன்றாக எண்ணுங்கள். 'நேர்மறை, எதிர்மறை' என்ற இரண்டே பெட்டிகளில் அடைத்தால் ஆய்வு அங்கேயே படுத்துவிடும். அதற்குப் பதில் எண்ணக்கூடியவற்றைக் குறியுங்கள்: எந்த ஊரிலிருந்து எழுதியது, முதலில் மேற்கோள் காட்டப்பட்டவர் உள்ளூர்க்காரரா, அரசு அதிகாரி எத்தனை பேர், சாதாரண மக்கள் எத்தனை பேர், படத்தில் யார். பத்தில் ஒரு பங்குச் செய்திகளை இன்னொருவரிடம் கொடுத்துத் தனியாகக் குறிக்கச் சொல்லி, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறீர்கள் என்று காட்டும் கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபா என்ற எண்ணைக் கணக்கிடுங்கள். 0.80 இருந்தால் நல்லது. 0.667க்குக் கீழே போனால் குறியீட்டு விதிகளைத் திருத்தி மறுபடி தொடங்குங்கள், எண்ணைத் திருத்தாதீர்கள்.

கேள்வி: தவறான செய்தி வந்தால் எங்கே புகார் செய்வது?
— வழக்கறிஞர்

முதலில் அந்த நிறுவனத்துக்கே. பிபிசிக்கு ஒளிபரப்பிய அல்லது வெளியிட்ட நாளிலிருந்து 30 வேலைநாட்களுக்குள். பிரிட்டனின் பல நாளிதழ்கள் மீது, பத்திரிகைகளைக் கண்காணிக்கும் இப்சோ அமைப்பில் நான்கு மாதத்துக்குள் புகார் செய்யலாம். செய்தி இணையத்தில் இன்னும் இருந்தால் பன்னிரண்டு மாதம் வரை. 'எங்கள் நாட்டை அவமதித்தீர்கள்' என்று எழுதினால் குப்பைக்குப் போகும். இந்த வாக்கியம், இந்தத் தகவல் தவறு, இதோ ஆதாரம் என்று எழுதுங்கள். தவறான செய்தியை, இணையப் பக்கங்களின் நகலைப் பாதுகாக்கும் வேபேக் மெஷினில் சேமித்துவிட்டுத்தான் புகார் அனுப்ப வேண்டும், ஏனென்றால் சத்தமில்லாமல் திருத்திவிட்டு 'எங்கே தவறு?' என்று கேட்பவர்கள் உண்டு.

கூட்டமாகக் கேட்டால் பலிக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2015 ஜூலையில் ஒபாமா கென்யா போகும் முன், அவர் பயங்கரவாதத்தின் விளைநிலத்துக்குப் போகிறார் என்று சிஎன்என் சொன்னது. கென்யர்கள் ட்விட்டரில் பொரிந்து தள்ளினார்கள். அடுத்த மாதமே சிஎன்என் மூத்த நிர்வாகி ஒருவர் நைரோபிக்கு நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார்.